லடாக்குக்கு பைக்ல போறீங்களா? ராத்திரி எங்க தூங்குவீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க!

பத்து நாள் லீவு, நாலு பேர், நாலு பைக், ஒரு வாட்ஸ்அப் குரூப். லடாக் பயணம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. குரூப்பில் முதலில் கிளம்பும் விவாதம் எந்த பைக் என்பது. ஹிமாலயனா, கேடிஎம்மா, இருக்கிற பல்சரே போதுமா? அடுத்தது, மொத்தம் எத்தனை கிலோமீட்டர். மூன்றாவது, ரீல்ஸில் பார்த்த பாங்காங் ஏரி எந்த நாளில் வருகிறது.

ராத்திரி எங்கே தூங்கப் போகிறோம், அந்த இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்கும் ஆள் அந்த குரூப்பில் அநேகமாக இருக்க மாட்டார். ஆனால் லடாக்கில் ஆளைப் படுக்க வைப்பதும், சில நேரம் உயிரையே எடுப்பதும் அந்தக் கேள்விக்கான தவறான பதில்தான். பைக், பெட்ரோல், பர்மிட் எல்லாம் அதற்குப் பிறகு. எப்படித் திட்டமிடுவது? விரிவாகப் பார்ப்போம்.

உயரம் உடம்பை என்ன செய்யும்?

காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்று பள்ளியில் படித்திருப்போம். அது சென்னையிலும் 21தான், லே நகரிலும் 21தான். மாறுவது காற்றழுத்தம். மேலே போகப் போக காற்று மெலிந்துகொண்டே வரும். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 5,328 மீட்டரில் இருக்கும் டாங்லாங் லாவில் பாதிதான். ‘லா’ என்றால் அந்த ஊர் மொழியில் கணவாய். இந்தக் கட்டுரை முழுக்க நிறைய ‘லா’ வரும்.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா 2,637. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. லடாக்கில் தாழ்வான ஊர்களில் ஒன்றான கார்கில் 2,676 மீட்டரில் இருக்கிறது. ஆனைமுடி உச்சியில் கடைத்தெரு போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் வாழ்நாளில் ஏறிய உச்சபட்ச உயரம், அங்கே வெறும் தொடக்கம்.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். நேரம் கொடுக்காமல் ஏறினால் வருவதுதான் ‘அக்யூட் மவுண்டன் சிக்னஸ்’, சுருக்கமாக ஏஎம்எஸ். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், காரணமில்லாத அசதி. கிட்டத்தட்ட ஹேங்ஓவர் மாதிரி இருக்கும். இதையே அலட்சியப்படுத்தி மேலும் ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், மூளையில் வீக்கம் வரலாம். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை.

‘நான் தினமும் ஜிம் போறேன், மாரத்தான் ஓடுறேன், எனக்கு வராது’ என்பது செல்லுபடியாகாது. உடற்தகுதிக்கும் ஏஎம்எஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை. இன்னும் சொல்லப்போனால், தெம்பாக இருப்பவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், இது ஏறிய உடனே தெரியாது. பொதுவாக 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். கணவாயில் நின்று செல்ஃபி எடுக்கும்போது ஆள் ஜாலியாகத்தான் இருப்பார். அன்று மாலைக்குள் கீழே இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிரச்னையில்லை. அதே உயரத்தில் படுத்தால் நள்ளிரவில் மண்டை வெடிக்கும். தூக்கத்தில் மூச்சின் வேகம் குறைவதால் ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும் என்பதும் ஒரு காரணம்.

அதனால்தான் மலை மருத்துவத்தில் பகல் உயரத்தைவிட தூங்கும் உயரத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. 3 அல்லது 4 நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு. உங்கள் பயணத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே கிலோமீட்டருக்குப் பதில் அன்று தூங்கும் ஊரின் உயரத்தை எழுதிப் பாருங்கள். எங்கே இடறும் என்று தாளிலேயே தெரிந்துவிடும்.

மணாலி வழியில் என்ன சிக்கல்?

லேவுக்கு சாலை வழியாகப் போக பிரபலமான பாதைகள் இரண்டு. ஒன்று இமாச்சலத்தின் மணாலியிலிருந்து. இன்னொன்று காஷ்மீரின் ஸ்ரீநகரிலிருந்து. இரண்டுமே 420 கி.மீ.க்கு முன்னே பின்னேதான். டெல்லிக்கு வந்து இறங்கும் நம்ம ஊர் ஆட்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது மணாலியை. காட்சி பிரமாதம், டெல்லிக்குப் பக்கம், பெயரிலேயே ஒரு கெத்து.

ஆனால் உயரக் கணக்கைப் பாருங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர், ஊட்டியைவிடக் கொஞ்சம் கம்மி. அங்கிருந்து லேவுக்கு ஒரே நாளில் போவது கஷ்டம் என்பதால் பலரும் நடுவில் தங்கும் இடம் சார்ச்சு. அங்கே கூடாரங்கள் வரிசையாக இருக்கும். அதன் உயரம் சுமார் 4,290 மீட்டர். அதாவது ஊட்டியில் காலை இட்லி சாப்பிட்டு, அந்த ஊட்டிக்கு மேல் இன்னொரு ஊட்டியை அடுக்கி, அதன் உச்சியில் ராத்திரி படுக்கிற மாதிரி. 500 மீட்டர் என்று மேலே சொன்னோமே, இங்கே ஒரே நாளில் 2,200 மீட்டர்!

முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயர ரோஹ்தாங் கணவாயைத் தாண்ட வேண்டியிருந்தது. அங்கே சேறு, பனி, டிராஃபிக் ஜாம் எல்லாம் சேர்ந்து முதல் நாளையே தின்றுவிடும். வேறு வழியில்லாமல் கீலாங்கிலோ ஜிஸ்பாவிலோ தங்குவார்கள். 2020 அக்டோபர் 3ஆம் தேதி 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அது நல்ல விஷயம்தான், அந்தப் பக்க மக்களுக்குக் குளிர்காலத்திலும் வழி கிடைத்தது. ஆனால் பைக்கர்களுக்கு அது ஒரு சபலத்தையும் கொடுத்திருக்கிறது. மதியமே ஜிஸ்பா வந்தாச்சு, இன்னும் வெளிச்சம் இருக்கு, சார்ச்சு வரைக்கும் போயிடலாமே என்று தோன்றும். அந்த ‘போயிடலாமே’தான் வினை.

சார்ச்சுவின் இன்னொரு சிக்கல், அது ஒரு கிண்ணத்தின் அடி மாதிரி. ஏஎம்எஸ் முற்றினால் ஒரே உறுதியான சிகிச்சை கீழே இறங்குவது. ஆனால் சார்ச்சுவிலிருந்து கீழே இறங்க, முதலில் மேலே ஏற வேண்டும்! மணாலி பக்கம் திரும்பினால் சுமார் 4,890 மீட்டரில் பாராலாச்சா லா. லே பக்கம் போனால் 5,059 மீட்டரில் லாச்சுங் லா, அதன் பிறகு 5,328 மீட்டரில் டாங்லாங் லா. சார்ச்சுவுக்கு அடுத்துள்ள பாங் என்ற இடம் இன்னும் உயரம், சுமார் 4,600 மீட்டர். ‘சார்ச்சுல வேணாம், பாங்ல தங்கலாம்’ என்று யாராவது ஐடியா கொடுத்தால் காதில் வாங்காதீர்கள்.

வேறு காரணங்களால் மணாலி வழியாகத்தான் ஏற வேண்டும் என்றால், சுமார் 3,200 மீட்டரில் உள்ள ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்குங்கள். நடுவில் வரும் பகலில் பைக்கில் கொஞ்சம் மேலே போய்விட்டு இறங்கி வரலாம். மூன்றாம் நாள் விடியும் முன்பே கிளம்பி, கணவாய்களை எல்லாம் பகலிலேயே கடந்து, இரவு லேயில் தூங்க வேண்டும். ஜிஸ்பாவிலிருந்து லே சுமார் 335 கி.மீ. முதுகு கழன்றுவிடும். ஆனாலும் நடுவில் படுப்பதைவிட இது மேல். சாலை மோசமாக இருந்து சார்ச்சுவில் தங்கியே ஆக வேண்டிய நிலை வந்தாலும், ஜிஸ்பாவில் கழித்த இரண்டு இரவுகள் கைகொடுக்கும்.

ஸ்ரீநகர் வழியாக ஏறினால்?

ஸ்ரீநகர் 1,585 மீட்டர். அங்கிருந்து சோனாமார்க், சோஜி லா (3,528 மீட்டர்), திராஸ் வழியாக கார்கில். சோஜி லா கணவாயில் பகலில் ஏறினாலும் இரவு தூங்குவது கார்கிலில், 2,676 மீட்டரில். அடுத்த நாள் இந்தச் சாலையிலேயே உயரமான ஃபோட்டு லா (4,108 மீட்டர்) வரும். அதையும் பகலில் கடந்து இறங்கிவிடலாம். மணாலி சாலையோடு ஒப்பிட்டால் இது படிக்கட்டு, அது சுவர்.

பலரும் கார்கிலில் கிளம்பி அன்றைக்கே லே போய்விடுவார்கள். எங்கள் யோசனை, லேவுக்கு 65 கி.மீ. முன்னாடி சிந்து நதியின் அக்கரையில் இருக்கும் ஆல்ச்சி கிராமத்தில் ஓர் இரவு தங்குங்கள். அதன் உயரம் சுமார் 3,100 மீட்டர். கார்கில் 2,676, ஆல்ச்சி 3,100, லே 3,500 என்று அழகாக 400, 400 மீட்டராக ஏறலாம். போனஸாக, ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு மேல் பழமையான சுவரோவியங்கள் உள்ள மடாலயமும் அங்கே இருக்கிறது. ஆப்ரிகாட் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் முதுகுவலியும் குறையும்.

ஸ்ரீநகர் வரை எப்படிப் போவது? ஜம்மு வரை பைக்கை ரயிலில் அனுப்பி, அங்கிருந்து ஓட்டலாம். அந்தச் சாலை நமக்குப் பரிச்சயமானதுதான். கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாக கன்னியாகுமரியில் முடிகிற அதே என்ஹெச் 44. சுமார் 3,700 கி.மீ. நீளமுள்ள அதன் வடகோடி ஸ்ரீநகர். சோனாமார்க்குக்கு முன்னால் இருக்கும் இசட்-மோர் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. சோஜி லாவுக்கு அடியில் குடையும் சுரங்கம் இன்னும் முடியவில்லை, எனவே கணவாய்ச் சாலைதான். அங்கே வண்டிகளை நேரம் பிரித்து ஒரு திசையாக விடும் வழக்கம் உண்டு. முந்தைய நாள் மாலையே போலீஸ் அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காஷ்மீர் என்றாலே வீட்டில் பயப்படுவார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பயம் நியாயமானதும்கூட. கிளம்பும் வாரத்து நிலவரத்தைப் பார்த்து முடிவெடுங்கள். நிலைமை சரியில்லை என்றால் மேலே சொன்ன ஜிஸ்பா கணக்கு இருக்கவே இருக்கிறது.

லே வந்தாச்சு... அடுத்து?

அடுத்து ஒன்றும் கிடையாது. இரண்டு நாள் சும்மா இருங்கள். 48 மணி நேர ஓய்வு என்பது லடாக் நிர்வாகமே வலியுறுத்தும் விஷயம். கடைத்தெருவில் மெதுவாக நடக்கலாம், துக்பா சாப்பிடலாம், பைக்கை சர்வீஸ் விடலாம். கர்துங் லா 40 கி.மீ.தானே, ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம் என்ற யோசனை முதல் நாள் வேண்டவே வேண்டாம்.

சென்னையிலிருந்து டெல்லி வழியாக விமானத்தில் லே போய், அங்கே பைக் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். காலையில் மெரினா உயரம், மதியம் 3,500 மீட்டர். உடம்புக்கு நடுவில் ஒரு படிகூடக் கிடைப்பதில்லை. இவர்கள் மூன்று நாள் ஒதுக்கினால் நல்லது.

ஓய்வு முடிந்ததும் முதலில் நுப்ரா பள்ளத்தாக்கு, அதன் பிறகு பாங்காங். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நுப்ராவுக்குப் போக கர்துங் லாவைக் கடக்க வேண்டும். அங்கே பல காலம் இருந்த பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தது. அளந்து பார்த்தால் உண்மையான உயரம் 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,582 அடிதான். (உலகின் உயரமான வாகனச் சாலை என்ற பெயரும் இப்போது இதனிடம் இல்லை, 2021இல் 19,024 அடி உமிலிங் லாவுக்குப் போய்விட்டது.) எப்படியும் மேலே பத்து, பதினைந்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கிவிடுவீர்கள். நுப்ராவின் திஸ்கித் ஊர் லேவைவிடத் தாழ்வு, சுமார் 3,150 மீட்டர். உயர ஏறு, தாழத் தூங்கு என்ற கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பாங்காங் ஏரிக்கரை 4,200 மீட்டருக்கும் மேல். கரையோர கூடாரத்தில் ஒரு ராத்திரி என்பது எல்லோருக்கும் ஆசை. ஆனால் திஸ்கித்திலிருந்து நேராக வந்து அங்கே படுத்தால் மறுபடியும் 1,000 மீட்டருக்கு மேல் தாவல். அதைவிடத் தாழ்வான தாங்ட்சேயில் தங்கி, விடியற்காலையில் ஏரிக்குப் போகலாம். விடியலில் அந்த நீலம் இன்னும் நன்றாக இருக்கும்.

இப்படி எட்டு, ஒன்பது நாள் மேலேயே இருந்துவிட்ட பிறகு மணாலி வழியாக இறங்குவதில் பெரிய பயமில்லை. அப்போது சார்ச்சுவில் தங்கினாலும் உடம்பு பழகியிருக்கும். மோரே சமவெளி, 21 கொண்டை ஊசி வளைவுள்ள காட்டா லூப்ஸ் எல்லாம் நிம்மதியாகப் பார்க்கலாம். ஆகவே ஏறுவது ஸ்ரீநகர், இறங்குவது மணாலி.

மொத்தம் எத்தனை நாள்? ஜம்முவில் பைக்கை ஸ்டார்ட் செய்வதிலிருந்து மணாலியில் நிறுத்துவது வரை 13 நாள், அதற்கு மேல் நிலச்சரிவுக்கென்று 2 நாள் கையிருப்பு. ரயில் பயணம் தனி. பத்து நாள் லீவுதான் கிடைக்கும் என்றால் பாங்காங்கையோ நுப்ராவையோ விட்டுவிடுங்கள். ஓய்வு நாளை வெட்டாதீர்கள்.

எந்த மாசம் போகலாம்?

மணாலி சாலை பொதுவாக மே கடைசி அல்லது ஜூனில் திறந்து, அக்டோபர், நவம்பரில் மூடும். ஜூனில் சாலையோரம் பனிச்சுவர் பார்க்கலாம், ஆனால் உருகும் தண்ணீர் எல்லாம் சாலைமேல்தான் ஓடும். ஜூலை, ஆகஸ்ட்டில் லடாக் மழை மறைவுப் பகுதி என்றாலும், அங்கே போகும் இமாச்சல் வழி அப்படியில்லை. 2023 ஜூலையில் பியாஸ் ஆறு குலு-மணாலி நெடுஞ்சாலையையே அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கலாம். லேயிலும் 2010 ஆகஸ்ட்டில் மேகவெடிப்பு பெரும் உயிர்ச்சேதத்தை ஏற்படுத்தியது. எங்கள் ஓட்டு செப்டம்பருக்கு. வானம் தெளிவு, ஓடைகளில் தண்ணீர் குறைவு, கூட்டமும் குறைவு. ராத்திரி குளிர் மட்டும் பல்லைக் கிட்டிக்க வைக்கும்.

ஓடைகளைக் கடப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவை பனி உருகி வரும் தண்ணீர் என்பதால் காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடுவது, வெயில் ஏறிய பிறகு மதியத்தில் இடுப்பளவுக்கு வந்துவிடலாம். பாங்காங் சாலையில் ‘பாகல் நாலா’ என்றே ஓர் ஓடை உண்டு, பைத்தியக்கார ஓடை என்று அர்த்தம். அதனால் கணவாய் இருக்கும் நாட்களில் 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள். தண்ணீரைப் பார்த்ததும் இறங்காமல், முன்னால் போகும் வண்டி எந்தத் தடத்தில் போகிறது என்று பாருங்கள். முதல் கியர், சீரான ஆக்ஸிலரேட்டர், நடுவில் கிளட்சைப் பிடிக்கக் கூடாது. விழுந்தால் பைக்கைவிட ஈரமான ஷூதான் பெரிய பிரச்னை, 4,500 மீட்டரில் அது காயாது.

பெட்ரோல், பைக்: பயப்படும் அளவுக்கு இல்லை

கீலாங்குக்கு சற்று முன்னால் தாண்டி என்று ஓர் ஊர். (ஆமாம், பெயரே அதுதான்.) அங்குள்ள பங்க்கில் ‘அடுத்த பெட்ரோல் 365 கி.மீ.’ என்ற பலகை சமூக வலைதளங்களில் ரொம்பப் பிரபலம். இது கணக்குப் போட்டால் தீர்கிற பிரச்னை. உங்கள் பைக் ஊரில் லிட்டருக்கு 35 கொடுத்தால் மலையில் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 365 கி.மீ.க்கு 15 லிட்டர் வேண்டும். டேங்க் 13 லிட்டர்தான் என்றால் 5 லிட்டர் உலோக கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வேண்டாம். லேயிலிருந்து இறங்கும்போது கடைசியாக நிரப்ப வேண்டிய இடம், லேவைத் தாண்டி சுமார் 35 கி.மீ.யில் உள்ள காரு. நுப்ராவில் திஸ்கித்தில் பங்க் உண்டு. பாங்காங் கரையை நம்பிப் போகாதீர்கள்.

எந்த பைக் என்ற விவாதத்துக்கு வருவோம். 150 சிசி வண்டிகளே அங்கே போய் வருகின்றன, வேகம் மட்டும் இருக்காது. உங்களைப் போலவே இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் இழுவை குறையும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு விற்ற பைக்குகள் பெரும்பாலும் எஃப்ஐ என்பதால் பெட்ரோல் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டி கரும்புகை கக்கி முக்கும். பின்னால் ஒருவரையும் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பெட்டி கட்டினால் சிறிய பைக் கணவாயில் திணறுவது நிச்சயம். கிளம்பும் முன் பிரேக் பேட், செயின், டயர் மூன்றையும் கறாராகப் பாருங்கள். கிளட்ச் கேபிள் ஒன்று கூடுதலாக வேண்டும். ஸ்போக் வீல், டியூப் டயர் என்றால் டியூபும் டயர் லீவரும் கட்டாயம், பஞ்சர் கடை எல்லாம் நூறு கிலோமீட்டருக்கு இருக்காது.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். குறுகலான இடத்தில் மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிற நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். ராணுவ கான்வாய் வந்தால் ஓரம் கட்டி டீ குடியுங்கள், முந்த நினைக்க வேண்டாம்.

ரயிலில் அனுப்பும்போது பைக்கின் பெட்ரோல் டேங்க்கைக் காலி செய்திருக்க வேண்டும், ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் வேண்டும். நீங்கள் போகும் ரயிலிலேயே பைக்கும் வரும் என்று நம்பி அடுத்த நாள் ஓட்டல் புக் செய்யாதீர்கள், பார்சல் ஓரிரு நாள் பிந்தலாம்.

வாடகை பைக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. மணாலியிலோ ஸ்ரீநகரிலோ வாடகைக்கு எடுத்த பைக்கில் லே வரை வரலாம், அதை வைத்து நுப்ரா, பாங்காங் சுற்ற உள்ளூர் பைக் வாடகைக்காரர்கள் விடுவதில்லை. அங்கே தனியாக லே பைக் எடுக்க வேண்டியிருக்கும். சொந்த பைக்குக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பது நல்லது, நண்பன் வண்டியைக் கடன் வாங்கிப் போனால் விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும்.

போன், பர்மிட், காசு

தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டுமே. குரூப்பில் வெவ்வேறு நிறுவன போஸ்ட்பெய்டு இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். மணாலி சாலையில் தார்ச்சா தாண்டினால் உப்ஷி வரை பெரும்பாலும் சிக்னலை மறந்துவிட வேண்டியதுதான். ‘நாளைக்கு ராத்திரி வரைக்கும் போன் வராது, பயப்படாதீங்க’ என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நுப்ரா, பாங்காங், ஹான்லே போன்ற எல்லையோரப் பகுதிகளுக்கு லே நிர்வாகத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, சுற்றுச்சூழல் கட்டணம் கட்டி, அதை நாலைந்து பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். விதிகள் சீசனுக்கு சீசன் மாறுவதால் கிளம்பும் முன் ஒருமுறை பார்ப்பது அவசியம். ஏடிஎம்மை லே, கார்கிலோடு மறந்துவிட்டு ரொக்கம் வைத்திருங்கள்.

கற்பூரம், பூண்டு சூப், ஆக்சிஜன் கேன்: எது வேலை செய்யும்?

கைலாஷ், அமர்நாத் போய் வந்த பெரியவர்கள் ‘கற்பூரத்தை ஒரு துணியில் கட்டி மோந்துக்கிட்டே போப்பா’ என்பார்கள். மூக்கடைப்பு விட்ட மாதிரி இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. லேயில் பூண்டு சூப் கொடுப்பார்கள். குளிருக்குச் சூடாகக் குடிக்க அருமை, மருந்து என்று நினைக்க வேண்டாம். கடைகளில் விற்கும் சின்ன ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களுக்குத்தான் வரும். ‘இப்போ பரவாயில்ல’ என்று அதை நம்பி மேலே ஏறுவது, கேன் இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து.

அசிட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் மாத்திரை, உடம்பு உயரத்துக்குப் பழகுவதை வேகப்படுத்தும். நிரூபிக்கப்பட்ட மருந்துதான். ஆனால் சல்ஃபா அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம், சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மரத்துப்போகலாம். நண்பன் கொடுத்தான் என்று போடாமல், ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து எழுதி வாங்குங்கள். இதய, நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவர் சம்மதிக்காமல் டிக்கெட்டே போடக் கூடாது. மேலே இருக்கும் நாட்களில், குறிப்பாக முதல் சில நாட்கள், மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

உயரத்தில் தலைவலி வந்தால் அதை ஏஎம்எஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட் டைட், வெயில், பசி என்று காரணம் தேடாதீர்கள். லேசாக இருந்தால் அன்று அதே இடத்தில் ஓய்வு. அறிகுறி போகும்வரை ஒரு மீட்டர்கூட மேலே ஏறக் கூடாது. குரூப்பில் ‘எனக்கு முடியல’ என்று சொல்ல ஒருவர் கூச்சப்படும் நிலை இருந்தால் அதுவே பாதி ஆபத்து. கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள், யாருக்கு முடியாவிட்டாலும் எல்லோரும் நிற்போம் என்று.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமல் விடாமல் வருகிறதா, சளியில் நுரையோ இளஞ்சிவப்போ தெரிகிறதா? நுரையீரலில் நீர். பேச்சு குழறுகிறதா, குடித்தவர் மாதிரி தள்ளாடுகிறாரா? தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலும் கால்விரலும் ஒட்டும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. அவரை பைக் ஓட்ட விடாமல் கார் அல்லது டாக்ஸியில், கிடைத்தால் ஆக்சிஜன் சிலிண்டரோடு, உடனே இறக்க வேண்டும். லேயில் இருந்தால் எஸ்என்எம் மருத்துவமனை, அங்கே இந்த நோயாளிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் இருக்கிறார்கள். சார்ச்சுவில் இருந்தால் மணாலி பக்கம் திரும்புங்கள். பாராலாச்சா லா என்ற ஒரே ஒரு கணவாய், அதைத் தாண்டினால் ஜிஸ்பா வரை இறக்கம்தான், மொத்தம் 85 கி.மீ. பாங்கில் இருந்தால் முதலில் அங்குள்ள ராணுவ முகாமின் கதவைத் தட்டுங்கள், அதன் பிறகு லே பக்கம். அந்தத் திசையில் டாங்லாங் லா ஒன்றுதான் குறுக்கே நிற்கும்.